பழைய லொறி வாசலுக்கு வந்துவிட்டது: பிரிப்பதா, ஏற்றி ஓடுவதா, நிறுத்தி வைப்பதா?

போன கிழமை மச்சான் ஒரு எல்ஃப் லொறி வாங்கினான். மலைநாட்டுப் பக்கம் ஓடிய வண்டி. மட்டக்களப்புப் பக்கம் எங்கள் களுவாஞ்சிகுடிக்குக் கொண்டுவந்து, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, டயருக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, வாசலில் நிறுத்தியாயிற்று. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மெல்லக் கேட்டான்: "அத்தான், மறுகா என்ன செய்வம்? எஞ்சினைப் பிரிச்சுப் பாப்பமா, அப்படியே ஏத்தி ஓடுவமா?"

நம்முடைய பகுதியில் பழைய லொறி வாங்குகிறவர் எல்லாரும் இந்த இடத்தில் வந்து நிற்பார்கள். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்றது. 2025இல்தான் மறுபடி வழி திறந்தது. நடுவில் போன ஐந்து வருடத்தில் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. அதனால் இன்று கைக்கு வரும் கண்டர் லொறியோ எல்ஃபோ, நான்கைந்து முதலாளிகளையும் அதைவிட அதிகமான சாரதிகளையும் பார்த்த வண்டியாகத்தான் இருக்கும். யார் எப்போது ஒயில் மாற்றினார் என்று சொல்ல ஆளில்லை. மீற்றரில் உள்ள எண்ணையும் நான் நம்புவதில்லை.

மூன்று வழி உண்டு. ஒன்று, ஏற்றி ஓடவிட்டு, உடைவதை உடைந்தபோது செய்வது. இரண்டு, கராஜில் விட்டு எஞ்சின் முதல் முழுவதையும் பிரித்துச் செய்வது. மூன்று, ஒரு பத்து நாள் ஒதுக்கி, சிலதை மட்டும் கட்டாயமாகச் செய்துவிட்டு, மற்றதைப் பார்த்துக்கொண்டே ஓடுவது. முதலாவதை நானே செய்து பார்த்தேன். இரண்டாவதைப் பெரியம்மாவின் மகன் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

என் கண்டரை நான் வாங்கியது மாசி மாதம். வெல்லாவெளிப் பக்கம் வெட்டு மும்முரம், நெல் மூட்டை வயல் வரம்பிலேயே கிடக்கிறது, லொறிக்கு ஆள் அலைகிறார்கள். அப்போது யார் வண்டியைக் கராஜில் போடுவார்? ஒயிலை மட்டும் மாற்றிவிட்டு இறக்கிவிட்டேன். ஆறு கிழமை ஒரு குறையும் இல்லை. அப்புறம் பதுளைக்கு அரிசி ஏற்றிப் போய், திரும்பும்போது வெலிமடையில் கோவாவும் கரட்டும் ஏற்றிக்கொண்டு, பசறை, லுணுகலை வழியாகப் பிபிலைக்கு இறங்கினேன். முதல் இரண்டு வளைவிலும் பிரேக் வழக்கம்போலப் பிடித்தது. மூன்றாவதில் பெடல் கொஞ்சம் ஆழமாகப் போயிற்று. நான்காவதில் பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி இருந்தது. இரண்டாம் கியருக்கு இறக்கி, எக்ஸோஸ்ட் பிரேக்கைப் போட்டு, மலைப்பக்கத்துக் கானில் இடது சக்கரத்தை இறக்கித்தான் நிறுத்தினேன். அரை மணித்தியாலம் நின்ற பிறகு பெடல் மிதித்துப் பார்த்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி கல்லுப்போல நிற்கிறது!

பிபிலையில் ஒரு பாஸ், அதாவது மெக்கானிக், சக்கரத்தடியில் படுத்து நிப்பிளைத் திறந்தார். பிரேக் ஒயில் பிளேன்ரீ நிறத்தில் வந்தது. பின் இடது சக்கரத்தின் சிலிண்டர் ரப்பரை நகத்தால் தூக்கிக் காட்டினார், உள்ளே ஈரம். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சாமான். புதிய டொட் 3 ஒயில் 205 பாகை சென்டிகிரேடைத் தாண்டித்தான் கொதிக்கும். ஈரம் சேர்ந்துவிட்டால் அது 140 வரை இறங்கலாம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சுடும், ஒயில் கொதிக்கும், ஆவி உண்டாகும். ஆவியை அமுக்கினால் அமுங்கும், பிரேக்குக்கு வேலை போய்ச் சேராது. ஆறிய பிறகு ஆவி ஒயிலாகிவிடும், பெடலும் திரும்பிவிடும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி என்று இருக்கும் எழுவான்கரையில் காற்றே ஈரம்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஒயிலை என் வண்டியில் எத்தனை வருடம் யார் தொடவில்லையோ தெரியாது. நானும் தொடவில்லை, குற்றம் என்னுடையது.

இதனால் முதலாவது வழி முழுப் பிழை என்று சொல்ல வரவில்லை. லொறியின் குணம் பாரம் ஏற்றினால்தான் தெரியும். கிளச் வழுக்குவது, ஐந்தாம் கியர் தானாகக் கழன்று விழுவது, டிஃப்ரன்ஷியல் ஊளையிடுவது, ஏற்றத்தில் கறுப்புப் புகை வருவது, இவையெல்லாம் வெறும் வண்டியில் ஒளிந்திருக்கும், நெல்லேற்றினால் வெளியே வரும். ஆனால் இவை எல்லாம் சொல்லிவிட்டு வரும் பழுதுகள். சத்தம் போடும், மணக்கும், புகையும், ஒரு கிழமை அவகாசம் தரும். பிரேக் ஒயில், ரேடியேட்டர் குழாய், கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சாணி), பழைய டயர், டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூடவைக்கும் பட்டி) ஆகியவை அப்படியல்ல, சொல்லாமல் வரும். சொல்லிவிட்டு வருவதற்காகக் காத்திருக்கலாம், சொல்லாமல் வருவதற்குக் காத்திருக்க முடியாது. மச்சானுக்கு நான் சொன்னதும் இந்த ஒரு கணக்கைத்தான்.

இரண்டாவது வழிக்கு வருவோம். பெரியம்மாவின் மகன் என் கதையைக் கேட்டுப் பயந்து, தன் லொறியை வாங்கிய கையோடு கராஜில் விட்டான். எஞ்சின் இறக்கி, ரிங், லைனர், பேரிங் எல்லாம் மாற்று, பெட்டிக்குப் புதுப் பெயின்ட் அடி என்றான். கராஜ்காரர் பொய் சொல்லவில்லை, "இருபது நாள்" என்றவர் உண்மையாகவே இருபது நாளில் பிரித்து முடித்தார். பூட்டச் சாமான் வரவேண்டுமே. லைனர் ஒரு அளவு, பிஸ்டன் ஒரு அளவு என்று வந்து, கொழும்புக்குத் திரும்பிப் போய், வண்டி தையிலிருந்து சித்திரை வருடப் பிறப்பு வரைக்கும் செங்கல்லின் மேல் நின்றது. லீசிங் தவணை நிற்குமா? பெரும்போக அறுவடை முழுவதும் போயிற்று. இதில் எனக்குக் கடுப்பு என்னவென்றால், அவ்வளவு காசு இறக்கியவன் முன் அச்சின் கிங் பின்னைத் தொடவில்லை. புது எஞ்சினுடன் ஸ்டியரிங் ஆடிக்கொண்டே ஓடினான்.

எஞ்சினைத் திறக்க வேண்டுமா என்று தெரிய எஞ்சினைத் திறக்கத் தேவையில்லை. வண்டியைச் சுடாக்கி, ஸ்டார்ட்டில் விட்டு, ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அந்த ஓட்டையின் மேலேயே தலைகீழாக வையுங்கள். மூடி இலேசாக நடுங்கினால் பயமில்லை. துள்ளி விழுந்தால், ஓட்டையிலிருந்து கட்டிப் புகை குபுகுபு என்று வந்தால், ரிங் தேய்ந்து வெடிப்புக் காற்று கீழே இறங்குகிறது. ரேடியேட்டர் மூடியை வண்டி குளிர்ந்திருக்கும்போது திறந்து வைத்து, பிறகு ஸ்டார்ட் செய்து பாருங்கள். தண்ணீருக்குள் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கெஸ்கட் சந்தேகம். டிப்ஸ்டிக்கில் ஒயில் பால்தேநீர் மாதிரி இருந்தால் தண்ணீர் கலக்கிறது. புகை நீலமாக நின்றால் ஒயில் எரிகிறது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து மறைந்தால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம். இவற்றில் ஒன்றும் இல்லையென்றால் எஞ்சினை விட்டுவிடுங்கள். ஒயிலையும் பில்டரையும் மாற்றி 1,000 கிலோமீற்றர் ஓடி, மறுபடி மாற்றுங்கள். கழற்றிய பில்டரை அரிந்து, மடிப்புக் கடதாசியை விரித்து, வெயிலில் பிடித்துப் பாருங்கள். மினுங்கும் துகள் நிறைய இருந்தால் அப்போது யோசிக்கலாம்.

யோசித்தாலும், பிரித்துச் செய்வதா, வேறு எஞ்சின் போடுவதா என்று ஒரு கிளைக் கேள்வி வரும். கொழும்பில் பழைய சாமான் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் கழற்றிய எஞ்சின் கிடைக்கும், இரண்டு மூன்று நாளில் பூட்டிவிடலாம். ஆனால் அதுவும் இன்னொரு தெரியாத எஞ்சின்தான். அதோடு எஞ்சின் இலக்கம் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் விற்கும்போது தலையிடி. புளொக்கும் கிராங்கும் நல்லதாக இருந்தால், சொந்த எஞ்சினைச் செய்வதற்கே என் ஓட்டு. புளொக் வெடித்திருந்தால் மட்டும் மாற்றுவேன்.

சரி, அந்தப் பத்து நாள். முதலில் பிரேக். நான்கு டிரம்மும் கழற்றி, லைனிங் பார்த்து, சிலிண்டர் ரப்பர் எல்லாம் தூக்கிப் பார்த்து, பழைய ஒயிலை முழுவதும் வெளியே விட்டுப் புதிது ஏற்ற வேண்டும். மேலே கிண்ணத்தில் நிரப்பிவிட்டு மாற்றியாயிற்று என்று சொல்லும் கராஜும் உண்டு. பக்கத்தில் நின்று, நான்கு சக்கரத்திலும் புது ஒயில் தெளிவாக வரும்வரைக்கும் பாருங்கள். பிரேக் மிதியை இலேசாக்கும் பூஸ்டருக்கு ஒரு சோதனை: எஞ்சினை நிறுத்தி ஐந்தாறு முறை மிதித்து, கடைசி மிதியில் காலை அழுத்தி வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது.

அடுத்தது தண்ணீர். நம் கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் சவர். அதையே வருடக்கணக்கில் ரேடியேட்டருக்கு ஊற்றுகிறோம். மச்சானின் வண்டி மலைநாட்டில் இருந்ததால் கொஞ்சம் தப்பியிருக்கிறது. என் கண்டரின் ரேடியேட்டரைக் கழற்றியபோது கீழ்த் தொட்டியில் செங்கல் தூள் மாதிரி ஒரு கைப்பிடி இருந்தது, பாதிக் குழாய் அடைப்பு. கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். கலக்கவும் சவர்த் தண்ணீர் வேண்டாம், வடித்த தண்ணீர் வாங்குங்கள், இல்லாவிட்டால் கார்த்திகை மழையில் கூரைத் தண்ணீரை முதல் மழை போன பிறகு சுத்தமாகப் பிடித்து வையுங்கள். "இந்த வெயிலுக்கு தெர்மோஸ்டாட் என்னத்துக்கு?" என்று சில பாஸ்மார் அதைக் கழற்றி எறிவார்கள். எறிந்திருந்தால் புதிது போடுங்கள். அது சுமார் 80 பாகையில் திறந்து எஞ்சினைச் சரியான சூட்டில் வைத்திருக்கும் சாமான். இல்லாமல் ஓடும் எஞ்சின் குளிரிலேயே ஓடி டீசலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும். வெட்டு நாளில் ரேடியேட்டரின் முகத்தில் சப்பியும் வைக்கல் தூளும் கம்பளி மாதிரி ஒட்டும், அதை எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் காற்றடித்துத் தள்ள வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே இறுகும்.

கிங் பின் பார்க்க ஒரு ஜக்கும் இரண்டு ஆளும் போதும். முன் அச்சைத் தூக்கி, டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், உள்ளே இருப்பவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் சக்கர பேரிங், நிற்காவிட்டால் கிங் பின். கிரீஸ் அடிப்பதையும் அச்சைத் தூக்கிவைத்தே அடியுங்கள், பாரத்தில் நெருங்கி நிற்கும் இடத்துக்குள் அப்போதுதான் கிரீஸ் போகும்.

டயரில் பூவைப் பார்த்து ஏமாற வேண்டாம், பக்கத்தில் அச்சடித்த நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. பின் இரட்டைச் சக்கரத்தில் ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்று போட்டால் உயரமானதுதான் முழுப் பாரத்தையும் சுமக்கும், அதுதான் முதலில் வெடிக்கும். இன்னொன்று, பழைய ஜப்பான் லொறிகளில் இடது பக்கச் சக்கர நட்டுகள் இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருகிக் கழற்றுவது, போல்ட் முனையில் அதற்கு அடையாளமும் இருக்கும். புதிய வண்டிகள் சிலவற்றில் இரண்டு பக்கமும் ஒரே மரை. இது தெரியாத ஒரு டயர்க்கடைப் பொடியன், கழற்றுகிறேன் என்று நான்கடிக் குழாயைப் பூட்டி ஏறி நின்று, என் கண்முன்னே இரண்டு போல்ட்டை முறித்தான். சக்கரம் கழற்றிப் பூட்டினால், 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் நட்டை மறுபடி இறுக்குவது கட்டாயம்.

டைமிங் பற்றி எல்லாரும் பயப்படத் தேவையில்லை. கண்டரின் 4டி33 எஞ்சினில் பெல்ட்டே இல்லை, பல்சக்கரம். ஆனால் டைனா லொறியில் வரும் 3எல், 5எல் எஞ்சின்களில் பெல்ட், 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. கடைசியாக எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் முதல் நாளே மாற்றுவதுதான் மலிவு. கியர் பொக்ஸ், டிஃப்ரன்ஷியல் ஒயில், டீசல் பில்டர், காற்று பில்டர் எல்லாம் மாற்றுங்கள், விளக்கு வயர் பாருங்கள், இதில் சொல்ல அதிகமில்லை.

வண்டியின் அடிச்சட்டமான செசியைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதை மட்டும் விடவேண்டாம். வாழைச்சேனைப் பக்கம் மீன் ஏற்றிய வண்டியென்றால் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் வருடக்கணக்கில் பெட்டிக்குக் கீழே வடிந்திருக்கும். நல்ல இரும்பு மணிபோல ஒலிக்கும். துரு தின்ற இடம் தொப்பென்று ஒலிக்கும், கருப்புப் பெயின்ட் அதை மறைக்காது. ஸ்பிரிங் பிளேட்டில் வெடிப்பும் யூ போல்ட்டில் தளர்வும் அப்போதே தெரிந்துவிடும்.

யாரிடம் செய்விப்பது? கம்பனி கராஜில் கையேடும் சரியான அளவுக் கருவியும் இருக்கும், எழுதிய பில் தருவார்கள். ஆனால் இருபது வருட வண்டிக்கும் அவர்கள் புதுச் சாமான்தான் எழுதுவார்கள், நாள் கணக்கும் அவர்களுடையது. ஊர்ப் பாஸ் கூப்பிட்டால் இரவிலும் வருவார், எந்தச் சாமான் எங்கே கிடைக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் இறுக்கத்தை அளந்து பூட்டும் டோர்க் ரென்ச் அவரிடம் இருப்பது அபூர்வம், கைக்கணக்குத்தான். கிரீஸ், ஒயில், பில்டர், நட்டு இறுக்குவது, டீசல் பில்டரின் அடியில் தண்ணீர் வடிப்பது ஆகியவற்றை நாமே செய்யலாம். நான் செய்வது கலப்படம்: சிறுவேலை நான், பிரேக்கும் கிங் பின்னும் ஊர்ப் பாஸ், பம்பும் இன்ஜெக்டரும் அதற்கென்று மெசின் வைத்திருக்கும் பம்ப் கடை. டீசல் பம்பைச் சைக்கிள் கடை மாதிரி வேப்பமரத்தடியில் பிரிக்க விடவே மாட்டேன்.

சாமானிலும் அப்படித்தான். பிரேக் ரப்பர், லைனிங், பெல்ட், ரேடியேட்டர் குழாய் ஆகியவை புதிது, அதுவும் ஒரிஜினல். டைனமோ, ஸ்டார்டர், கதவு, கண்ணாடி, சீட் எல்லாம் பழசு போதும். கியர் பொக்ஸ்கூட நல்ல பழசு கிடைத்தால் மோசமில்லை.

கடைசியாக நாட்காட்டி. மாசியில் வாங்கியவனுக்கும் ஐப்பசியில் வாங்கியவனுக்கும் விடை ஒன்றல்ல. மாசியில் வாங்கியிருந்தால் பிரேக், தண்ணீர், டயர், கிங் பின், பெல்ட் ஆகிய ஐந்தையும் நான்கு நாளில் முடித்துவிட்டு வயலுக்குப் போகச் சொல்வேன், மற்றதைச் சித்திரையில் பார்க்கலாம். மச்சான் வாங்கியிருப்பது ஐப்பசியில். விதைப்பு நடக்கிறது, மழை தொடங்குகிறது, தை வரைக்கும் பெரிய பாரம் இல்லை. பத்து நாளைப் பதினைந்தாக்கினாலும் நட்டமில்லை. பிறகு சீமெந்து, மணல் என்று சில்லறை ஓட்டத்தில் 1,000 கிலோமீற்றர் ஓடி, ஒரு கொப்பியில் தினமும் ஒயில் மட்டம், தண்ணீர் மட்டம், டீசல் கணக்கு எழுதச் சொன்னேன். எஞ்சினைப் பிரிப்பதா என்பதைக் கொப்பியைப் பார்த்து மார்கழியில் தீர்மானிப்போம்.

மூடிச் சோதனையில் எல்ஃபின் மூடி நடுங்கியது, விழவில்லை. பிரேக் ஒயில்தான் பிளேன்ரீ. நேற்றுப் பின்னேரம் முன் அச்சைத் தூக்கினோம், வலது பக்கம் ஆடுகிறது, பிரேக் மிதித்தும் நிற்கவில்லை. மச்சான் இன்று காலை பாஸைக் கூட்டிக்கொண்டு கிங் பின் வாங்கக் கல்முனைக்குப் போயிருக்கிறான். பெட்டிக்கு என்ன நிறம் அடிப்பது என்று போகிற வழியில் போன் எடுத்துக் கேட்டான், தை பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.